ஆளுக்கு முன்னால் போன ஐஸ் மெஷின்

ஷார்ஜா தொழில்பேட்டையில் நாங்கள் வேலை பார்த்த பட்டறைக்கு, குளிரை மறந்துபோன பெட்டிகள் எல்லாம் வந்து சேரும். சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசர், மீன் கம்பெனியின் கூலர், ஹோட்டல் ஐஸ் மெஷின், எது படுத்தாலும் லாரியில் ஏற்றி எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். எந்த வால்வு எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்தவன், அவ்வளவுதான். படுத்ததை எழுப்புகிற ஆள் வேறு. அவன்தான் வன்னித் தம்பி.

முல்லைத்தீவுப் பக்கம் கடலை ஒட்டிய சின்ன ஊர் அவனுக்கு. இலங்கைத் தமிழன் என்றாலே எங்கள் கேம்ப் ரூமில் எல்லோருக்கும் 'ஜாஃப்னா'தான். "ஜாஃப்னா இல்லையடா, வன்னி. ரெண்டுக்கும் நடுவில எவ்வளவு தூரம் தெரியுமோ?" என்று சண்டைக்கு வருவான். "ஒனக்குத்தான் தூரம் மாப்ள. எங்களுக்கு மேப்புல அரை வெரல்" என்பான் மேல்கட்டிலில் படுத்திருக்கும் நாகப்பட்டினத்துக்காரன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மிச்சத்தை எல்லாம் பார்சல் அட்டையிலும், பில்லிலும், பொட்டலம் கட்டி வந்த காகிதத்திலும் படித்துக்கொண்டேன். அதனால் கேம்ப்பில் யாருக்கு எந்தக் கடிதம் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். லீவு லெட்டர், பேங்க் லெட்டர், பொண்டாட்டி கோபத்தைத் தணிக்க ஒரு லெட்டர். இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. ஒவ்வொரு ஆளும் அடிக்கடி சொல்கிற வார்த்தையை மனதில் போட்டு வைத்துக்கொள்வேன். ஆள் மறந்துபோனாலும் அவன் வார்த்தை மறக்காது. நாகப்பட்டினத்துக்காரன் எதற்கெடுத்தாலும் "எழுதி வச்சுக்க" என்பான். வன்னித் தம்பி எந்தத் தொல்லை வந்தாலும் "அதொரு கதையே?" என்பான். கம்ப்ரசர் இறுகிப்போச்சா, அதொரு கதையே. ஏசி இல்லாமல் கூரை மேலே ஏறி வேலை பார்க்கணுமா, அதொரு கதையே.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவன் அப்படிச் சொன்னதில்லை. மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது விட்டுவிட்டு வந்தான். இது நடக்கும்போது அவளுக்குப் பதின்மூன்று. நடுவில் மூன்று முறை லீவில் போய் வந்ததோடு சரி. "அவளுக்கு நான் ஃபோனுக்குள்ள இருக்கிற ஆள் அண்ணை. நேர போனா, சார்ஜ் போடுற மாதிரி ஒரு மூலையில இருக்கச் சொல்லுவாள்" என்று ஒருநாள் சொன்னான். நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

ஊருக்கே போய்விட வேண்டும், அங்கேயே ஒரு தொழில் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தது ஐஸை வைத்துத்தான். அந்தக் கரையில் விடிகாலையில் படகுகள் வந்துவிடும். ஐஸ் மட்டும் தூரத்து டவுனிலிருந்து லாரியில் வர வேண்டும். வருவதற்குள் பாதி தண்ணீர். லாரி வராத நாளில், கரையில் மீன் வாங்குகிற வாடிக்காரர் சொன்னதுதான் விலை. "கரையிலேயே ஐஸ் இருந்தா எங்கட சனம் மத்தியானம் வரைக்கும் மீனை வச்சுப் பேரம் பேசும் அண்ணை. ஒருதனும் அவசரப்படுத்த ஏலாது" என்பான். அதைச் சொல்லும்போது மட்டும் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவான்.

அப்படி இருக்கையில்தான் அவன் மனைவி ஃபோனில் ஒரு செய்தி சொன்னாள். வடக்கு மாவட்டங்களில், அதிலும் டவுனை விட்டுத் தள்ளிக் கிடக்கிற ஊர்களில், சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறதாம். பாதிச் செலவு அரசாங்கத்துடையது. மெஷின், கொட்டகை, முக்கியமாக மூன்று ஃபேஸ் கரண்ட் லைன். அந்த ஊரில் லைன் இழுப்பதுதான் பெரிய செலவு. தெருவிளக்கே ஒரு முனையோடு நின்றுபோன ஊர். அவள் அன்றைக்கே பஸ் ஏறிப்போய் விண்ணப்பப் படிவம் வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பிவிட்டாள்.

வார லீவில் நாங்கள் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து அதைப் படித்தோம். தமிழில்தான் இருந்தது. ஆனால் அரசாங்கத் தமிழ் எந்த நாட்டிலும் அரசாங்கத் தமிழ்தான். 'தொழில்முயற்சியாளர்' என்றால் அவன் மனைவி. 'பௌதிக வளம்' என்றால் அவர்கள் வீட்டுப் பின்பக்கத்து மணல். தொழில் திட்டம் என்று இரண்டு பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். அதை நான் எழுதினேன். இத்தனை படகு, இத்தனை பெட்டி மீன், லாரி வராத நாட்கள் என்று அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதியதில் அதுதான் நல்ல எழுத்து என்று இப்போதும் நினைக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் நிபந்தனைகள். பொடி எழுத்தில் ஒரு வரி. அனுமதிக் கடிதம் வருவதற்கு முன்பே வாங்கிய மெஷினையும், முன்பே ஆரம்பித்துவிட்ட தொழிலையும் இந்தத் திட்டத்தில் சேர்க்க மாட்டோம் என்று அதில் இருந்தது. நான் சத்தமாகத்தான் படித்தேன்.

"எவனாவது காசு வர முன்னம் மெஷின் வாங்குவானோ?" என்றான் தம்பி.

"கைல காசிருந்தா இவங்ககிட்ட எதுக்கு வர்றான்" என்றேன் நான்.

இருவரும் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டோம்.

மூன்று மாதம் கழித்து முதல் கடிதம் வந்தது. விண்ணப்பம் முதல் கட்டத்தில் தேறிவிட்டது, அதிகாரி ஒருவர் இடத்தைப் பார்க்க வருவார் என்று. அன்றைக்கு ரூமில் நாகப்பட்டினத்துக்காரன் பாயசம் வைத்தான். "எழுதி வச்சுக்க, அடுத்த வருசம் நம்ம ஜாஃப்னா முதலாளி" என்றான். "வன்னி" என்று திருத்தினான் தம்பி. வாய் நிறையப் பாயசம்.

அதற்கடுத்த வாரம்தான் அந்த மெஷின் எங்கள் பட்டறை வாசலில் வந்து இறங்கியது. அஜ்மானில் ஒரு மீன் கம்பெனியை மூடிவிட்டார்கள். அதன் ஐஸ் மெஷினை யாரும் எடுக்கவில்லை, இரும்பு விலைக்கு வந்தது. துருப்பிடித்து, வயர் எல்லாம் எலி கடித்து, பார்க்கவே பாவமாக இருந்தது. தம்பி அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே கையை விட்டு, டாக்டர் நாடி பிடிப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றான்.

"அண்ணை, இது சாகேல்ல."

எங்கள் ஃபோர்மேன் பெஷாவர்க்காரர், நல்ல மனிதர். "லே ஜாவ் பாய், கபாட் ஹை" என்று கையை உதறினார். குப்பைதானே, எடுத்துக்கொண்டு போ என்றார். இரும்பு விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டான் தம்பி.

இங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்தது. வளைகுடாவில் பிழைக்கிறவனுக்கு ஒரு புத்தி உண்டு. ஊருக்குப் போவதற்கு முன்னால் பொருளை அனுப்பிவிட வேண்டும். ஆள் போகிறானோ இல்லையோ, கார்கோ போய்விட வேண்டும். டிவி, மிக்சி, கம்பளி, சீலிங் ஃபேன் என்று ஆள் ஊர் போய் இறங்குவதற்குள் வீடு பாதி நிறைந்திருக்கும். வெறும் வார்த்தையை ஊரில் யாரும் நம்புவதில்லை. பொருளைப் பார்த்தால்தான் இவன் வந்துவிடுவான் என்று நம்புவார்கள். அரசாங்கமும் அப்படித்தான் நினைக்கும் என்று நாங்கள் நினைத்தோம்.

சொன்னது நான்தான். அதை மறைக்க விரும்பவில்லை. "தம்பி, அதிகாரி வந்து வெறும் மணலப் பாத்துட்டுப் போனா என்னத்த எழுதுவான்? மெஷின் அங்க நின்னா, இவங்க வெறும் பேச்சுக்காரங்க இல்லன்னு அவனுக்கே தெரியும். மெஷினுக்கு நாம காசு கேக்கல. லைனுக்கும் கொட்டாய்க்கும் குடுத்தாப் போதும்னு சொல்லிடலாம். அவங்களுக்கும் மிச்சம்தானே."

அந்தப் பொடி எழுத்து வரி எனக்கு ஞாபகம் இருந்தது. மெஷினுக்குக் காசு தர மாட்டோம் என்பதுதானே அதற்கு அர்த்தம், நாம் கேட்கப்போவதில்லையே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முன்பே ஆரம்பித்துவிட்ட தொழில் என்கிற மீதிப் பாதி என் கண்ணில் நிற்கவே இல்லை.

தம்பி யோசித்தான். பிறகு, "அதொரு கதையே? ஏத்துவம்" என்றான்.

ஆறேழு வார லீவு அந்த மெஷினோடு போனது. நான் ஸ்டோரில் ஒதுக்கிப்போட்ட பழைய பாகங்களைத் தேடிக் கொடுப்பேன். அவன் பொருத்துவான். ஒருநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அதிலிருந்து முதல் ஐஸ் துகள்கள் பொலபொலவென்று தொட்டியில் விழுந்தன. வெளியே வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. ஃபோர்மேன் ஒரு கை அள்ளித் தன் தலையில் போட்டுக்கொண்டார். அத்தனை பேரும் சிரித்தோம்.

பிறகு பேக்கிங். கார்கோவில் காலி இடம் விட்டு அனுப்புவது எங்களுக்குப் பாவம் மாதிரி. ஐஸ் விழும் தொட்டி காலியாக இருக்கிறதே என்று அதற்குள் பால் பவுடர், குளியல் சோப்பு, பேரீச்சம்பழம், நான்கு டவல், மகளுக்கு ஒரு பை என்று ரூமில் ஆளாளுக்குத் திணித்தோம். மெஷினைச் சுற்றிப் பழைய கம்பளி, அதன் மேல் பலகை. பலகையின் நான்கு பக்கத்திலும் அவன் மனைவி பெயரையும் ஊர்ப் பெயரையும் மார்க்கரால் கொட்டை எழுத்தில் எழுதினேன். பெட்டி ஊர் போய்ச் சேர்ந்ததும் அவள் ஃபோன் செய்தாள். "அண்ணா, எல்லாம் பத்திரமா வந்திட்டுது. ஆனா முதல் ஐஸில சோப்பு மணக்கும் போல. மூண்டு தரம் கழுவிப்போட்டன்."

அதே சமயத்தில் தம்பியின் விசா முடிய இரண்டு மாதம் இருந்தது. ரினியூவா, கேன்சலா என்று ஆபீஸில் கேட்டார்கள். அவன் கேன்சல் என்றான். அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். குடும்பத்தோடு இருந்து சொந்தத் தொழில் செய்யப்போவதாக ஒரு வரி சேர்க்கச் சொன்னான். "அது எதுக்குடா ஆபீஸுக்கு?" என்றேன். "இருக்கட்டும் அண்ணை. ஃபைலில இருக்கட்டும்" என்றான்.

அதிகாரி வந்தார். அந்த நாளை அவள் ஃபோனில் எங்களுக்கு வரி வரியாகச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டு ரூமே கேட்டது. மோட்டார் சைக்கிளில் வந்த இளம் வயசு ஆளாம். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே மணலில் நடந்து வந்தாராம். அவள் என்ன செய்திருந்தாள் தெரியுமா? மூன்று ஃபேஸ் கரண்ட் இல்லையே, மெஷின் ஓட வேண்டுமே என்று, கோயில் திருவிழாவுக்கு லைட் போடுகிறவரிடம் ஒரு நாளைக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்திருந்தாள். மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கரைச் சனத்தை எல்லாம் கூப்பிட்டு வைத்திருந்தாள். அதிகாரி வந்து நின்றதும் ஜெனரேட்டரைப் போட்டார்கள். ஐஸ் விழுந்தது. விழுந்த ஐஸை அள்ளிப் போட்டு அவருக்குத் தேசிக்காய்த் தண்ணீர், நம்ம எலுமிச்சை ஜூஸ்தான், கொடுத்தாள்.

"சேர் வடிவாப் பாத்தவர். இது எப்ப வந்தது எண்டு கேட்டவர். நான் கார்கோ துண்டையே எடுத்துக் காட்டினனான். எங்கட அவர் இதில எவ்வளவு கஷ்டப்பட்டவர் எண்டும் சொன்னனான். சேர் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தவர். வெளிக்கிடேக்க மட்டும், 'அக்கா, இதை ஊருக்கு எடுப்பிக்க முதல் என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே' எண்டவர். நல்ல பிள்ளை. ரெண்டு கிளாஸ் குடிச்சவர்."

ரூமில் கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் காதில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பிள்ளை எதற்காக அப்படிச் சொன்னான்? எழுந்து போய், ஃபோனில் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். இந்தத் தடவை மீதிப் பாதியும் கண்ணில் நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. ஒருவேளை, ஒருவேளை என்று மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

கடிதம் வந்தது. அனுமதிக்கு முன்பே மெஷின் வாங்கித் தொழிலையும் ஆரம்பித்துவிட்டதால் புதிய தொழிலுக்கான மானியத்துக்குத் தகுதி இல்லை. இரண்டு வருடம் தொழிலை நடத்திக் காட்டினால், விரிவாக்க உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

அவள் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுப் பார்த்தாள். அந்த ஒரு நாள் ஜெனரேட்டரில் ஓடியதுதான் சேர், அதற்கு முன்னும் பின்னும் ஓடவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். ஓடியதை என் கண்ணால் பார்த்து எழுதிவிட்டேன் அக்கா, இனி மாற்ற முடியாது என்று அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டானாம். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டிலிருந்து ஃபோன் செய்தாள். "லைன் இல்லாமல் மெஷின் ஓடாது. மெஷின் ஓடாமல் லைன் இல்லையாம். ஓடாத மெஷினை ரெண்டு வருசம் ஓட்டிக் காட்டட்டாம் அண்ணா" என்றாள். அழவில்லை. அதுதான் கேட்க முடியவில்லை.

அன்று மாலை டூட்டி முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது தம்பியிடம் சொன்னேன். "அந்த வரிய நான் படிச்சவன்டா. படிச்சுட்டும் ஏத்தச் சொன்னேன்."

அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நானும் தானே அண்ணை கேட்டனான். ரெண்டு பேரும் சேந்துதானே சிரிச்சனாங்கள்" என்றான்.

திட்டியிருந்தால் தேவலை. பஸ் வந்தது. எனக்கு ஜன்னலோரத்தை விட்டுக் கொடுத்துவிட்டு அவன் இந்தப் பக்கம் உட்கார்ந்தான்.

மறுநாள் இருவரும் ஆபீஸுக்குப் போனோம். கேன்சல் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மேனேஜர் வாசித்துவிட்டு மேசை மேல் வைத்தார். "கலாஸ் பாய். தூஸ்ரா ஆத்மி ஆ கயா" என்றார். அவன் இடத்துக்கு வேறு ஆளுக்கு விசா அடித்தாகிவிட்டது. ஃபைலைத் திறந்து பழைய கடிதத்தைக் காட்டினார். "நீதானே எழுதியிருக்கிறாய், சொந்தத் தொழில் என்று?" என்று இந்தியில் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

வேலை தேடியதில் தோஹா தொழில்பேட்டையில் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அந்த விசாவுக்குக் கொழும்பில் போய் மெடிக்கல் எடுக்க வேண்டும். ஆகவே அவன் ஊருக்குப் போனான். ஒன்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி வைத்திருந்த பயணம் அது. போய் இருந்ததோ நாற்பது நாள்தான், விசா வரும்வரை.

அந்த நாற்பது நாளில் என்னிடம் இரண்டு முறைதான் பேசினான். மெஷினைத் தார்ப்பாயால் மூடி வைத்திருக்கிறார்களாம். மகள் அதன் நிழலில் உட்கார்ந்து படிக்கிறாளாம். "கிட்டப் போய் இருந்தா எழும்பிப் போறாள் அண்ணை. கோவமெண்டு இல்லை. பழக்கமில்லை. இப்பதான் கொஞ்சம் பழகுறாள்" என்றான். அதைச் சொன்ன வாரத்திலேயே விசா வந்துவிட்டது.

இப்போது அவன் தோஹாவில் இருக்கிறான். அங்குள்ள பட்டறையில் அவனுக்குப் புது ஆள் சம்பளம். வேலை மட்டும் பழைய ஆள் வேலை. என்னோடு பேசும்போது சாப்பாட்டைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசுவான். ஊரைப் பற்றி நான் கேட்டால் "எல்லாரும் இருக்கினம்" என்பான். அவ்வளவுதான்.

போன மாதம் அவன் மனைவி எனக்கு நேரே ஃபோன் செய்தாள். கரையோர ஊர்களுக்கு மின்சார இணைப்புக்கு மட்டும் உதவி என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறதாம். படிவத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள்.

"இதையும் நீங்களே எழுதித்தாங்கோ அண்ணா."

"என்னையா கேக்குற தங்கச்சி?" என்றேன்.

"வேற ஆரிட்டக் கேக்கிறது? முதல் எழுதினது வடிவா இருந்தது எண்டு அந்தச் சேரே சொன்னவர்."

எழுதுவதற்கு முன் முழுவதையும் வாசித்துக் காட்டுகிறேன், நீயும் கேட்டுக்கொண்டே வா என்றேன். தலைப்பிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு வரி விடவில்லை. ஒவ்வொரு நிபந்தனைக்கும் நிறுத்தி, இது நமக்குப் பொருந்துமா, இதில் சிக்கல் உண்டா என்று கேட்டுக் கேட்டுப் போனேன். புரியாத இடத்தைக் குறித்து வைத்து, அலுவலகத்தில் போய்க் கேட்கச் சொன்னேன். அதுவரைக்கும் எதையும் வாங்காதே, ஒரு வயர்கூட வாங்காதே என்றேன். அந்தப் பக்கம் அவள் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பேனா காகிதத்தில் உரசுவது கேட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடைசிப் பக்கத்தின் கடைசி வரியையும் வாசித்துவிட்டு, "அவ்வளவுதான்" என்றேன்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

பேனாவை மூடி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பது மாதிரி ஒரு குரலில் கேட்டாள்.

"இது கிடைச்சா அவர் எப்ப வரலாமெண்டு அதில எங்கையும் போட்டிருக்கோ அண்ணா?"

இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் நான் முதல் பக்கத்துக்குப் போய் மறுபடியும் பார்த்தேன்.

"இல்லம்மா" என்றேன்.